பதிவில் இறந்த தங்கை

…அந்த இருமலை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் கேட்டாலும் தெரிந்திருக்கும், முதலில் ஒரு செருமல், அப்புறம் வறட்டு இருமல், கடைசியில் தொண்டைக்குள்ளேயே எதையோ அடக்கிக்கொள்ளும் ஒரு சத்தம், அதற்கு மேல்தான் பேச்சு வரும்… ஆனால் இங்கே, மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரத்தில், பஞ்சு பிய்ந்த இந்த ஹெட்போனுக்குள், ‘சொல்லுங்கம்மா, உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்று மைக் கேட்டு முடித்த கையோடு அந்த இருமல் வரும் என்று யார் எதிர்பார்த்தது? பதிவை ஓட்டவும் நிறுத்தவும் மேசைக்கு அடியில் இருந்த மிதியிலிருந்து காலை எடுத்தாள், பதிவு நின்றது. எதிர் மேசையில் மைக் தயிர் டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள், மைக் என்பது அவளுடைய பெயர் இல்லை, ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாகவே குடியிருப்பு குடியிருப்பாக அலைகிறவள் என்பதால் அலுவலகமே அப்படிக் கூப்பிடுகிறது, அவளும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கிறாள். ‘என்ன, தூக்கமா?’ என்றாள் மைக். ‘இல்ல, சரியாக் கேக்கல’ என்று சொல்லிவிட்டு மறுபடி மிதியை அழுத்தினாள். கொஞ்சம் பின்னால் போய் மறுபடி அதே செருமல், அதே இருமல், அதே அடக்கம்… அக்கா.

இந்த ஆய்வு மையத்தில் அவளுக்கு இதுதான் வேலை, மற்றவர்கள் வெயிலில் அலைந்து பேசிக் கொண்டுவருவதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுத்தாக்குவது. ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்கு மருத்துவம் எப்படியெல்லாம் மறுக்கப்படுகிறது என்று பேராசிரியை ஆய்வு செய்கிறார், அதற்காக மைக் போய் வந்த இடங்களில் குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பும் ஒன்று, நகரத்தின் சாக்கடையையும் கழிப்பறையையும் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கும் இடம், அவள் பிறந்த இடம். இந்த அறையில் அது யாருக்கும் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது பேராசிரியை பென்சிலின் நுனியைக் கடித்துக்கொண்டே, ‘அந்த மாதிரி இடத்துல ஜனங்க பேசற பேச்சு உங்களுக்குப் புரியுமாம்மா?’ என்று கேட்டார், ‘ஓரளவு புரியும் மேடம்’ என்றாள், ஓரளவு… தாய்ப்பாலோடு குடித்த பேச்சை ஓரளவு புரியும் என்று சொன்ன அந்த நிமிஷத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. கணவனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது, நேரம் வரும்போது சொல்லலாம் என்று அவன் சொன்னான், அவன் நல்லவன்தான், ஆனால் நேரம் என்பது தானாக நடந்து வருகிற ஆளா என்ன, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அது வந்தபாடில்லை. எல்லாம் அக்கா செய்த ஏற்பாடுதான். ‘கேட்டா அம்மா அப்பா இல்ல, சொந்தக்காரங்க வளத்தாங்கன்னு சொல்லு. பொய் இல்லையே, நான் ஒனக்குச் சொந்தக்காரிதானே’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கல்யாணத்துக்கு வராமல் இருந்துகொண்டாள்.

எழுது, எழுத்தாக்குவதுதானே உன் வேலை, யார் குரலாக இருந்தால் உனக்கென்ன… விரல்களைச் சாவிப்பலகையில் வைத்தாள். அக்கா பேசினாள், மைக்கிடம் பேசுகிற அக்கா, வெளியாளிடம் காட்டும் மரியாதையோடு ங்க ங்க என்று போட்டுப் பேசுகிற அக்கா. ‘ஊரு எந்திரிக்கிறதுக்குள்ள ஊரோட கக்கூஸ் சுத்தமா இருக்கணுமில்லீங்க, அதனால நாங்க கோழிக்கு முன்னாலயே எந்திரிச்சிருவோம்.’ சிரித்தாள். சிரித்தால் சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், அழுதால் அழுகை, பேசாமல் இருந்தால் நிறுத்தம், என்ன சொல்கிறார்கள் என்று தெரியாவிட்டால் தெளிவில்லை, இதெல்லாம் விதி, அவள் (சிரிப்பு) என்று அடித்தாள், அக்காவின் சிரிப்பு அந்த அடைப்புக்குறிக்குள் அடங்குகிற சிரிப்பா, பல்லைக் காட்டாமல் உதட்டை உள்பக்கம் மடித்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்குமே, அதை எந்தக் குறிக்குள் போடுவது… போகட்டும், அடுத்தது. வீடு எப்படி, தண்ணீர் எங்கிருந்து, மழை பெய்தால் என்ன செய்வீர்கள், அக்கா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள், நடுவில் யாரையோ ‘ஏய், அந்தப் பக்கம் போய் வெளையாடுங்க, பேசிக்கிட்டிருக்கோம்ல’ என்று அதட்டினாள், அந்த அதட்டல் கேட்டதும் மேசை முன்னால் இவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள், பழக்கம்.

அப்புறம்தான் மைக் அந்தக் கேள்வியைக் கேட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போய் உங்களைச் சேர்க்காமல் விட்டது உண்டா என்று. எங்கோ ஒரு நாய் குரைத்தது, குழாயடியில் குடம் இடிபட்டது, (நிறுத்தம்) என்று அடித்துவிட்டுக் காத்திருந்தாள். ‘உண்டுங்க. எனக்கு அப்ப பதினொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும். அம்மா வேலைக்குப் போயிருந்துச்சு, அடைப்பு எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்கன்னா எப்ப வரும்னு சொல்ல முடியாது. அப்பா அதுக்கு முன்னாலயே போயிட்டாரு. குட்டிக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. தூக்கிக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவரு எந்தப் பக்கம்னு கேட்டாரு. சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பேனாவ மூடி வச்சிட்டு, வெளிய சைக்கிள் நிறுத்தற கொட்டகையில போய் இரு, கூப்பிடறோம்னாரு. கூப்பிடவே இல்லீங்க. அப்புறமா ஒரு ஆயா மருந்து கொண்டாந்துச்சு, எட்டி நின்னுக்கிட்டு மேல இருந்து ஊத்துச்சு, நான் கையக் குவிச்சு ஏந்தினேன், பாதி விரலிடுக்குல ஒழுகிப் போச்சு. பொழுது சாஞ்சுது. கொஞ்ச நேரங்கழிச்சுத் தொட்டுப் பாத்தேன், ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு. காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்பட்டேங்க நானு.’ மறுபடி நாய் குரைத்தது. ‘சந்தோசப்பட்டு, முத்தங்கூட குடுத்தேன்.’ மைக் ரொம்பச் சின்னக் குரலில், குட்டின்னா யாருங்க என்று கேட்டாள். ‘தங்கச்சி.’ வேற கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? ‘இல்லீங்க. நான் மட்டுந்தான்.’

மிதியிலிருந்து கால் தானாக எழுந்துவிட்டது. வீட்டில் குட்டி என்று அழைக்கப்பட்டவள் அவள்தான், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை அவளுக்கு வேறு பெயர் இருப்பதே தெரியாது. அந்தக் கொட்டகை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, தகரக் கூரை, வரிசையாக நிற்கிற சைக்கிள்கள், அதில் ஒன்றின் மணியை அவள் அடித்துப் பார்த்தது, யாரோ அங்கிருந்து சத்தம் போட்டது, அப்புறம் நாக்கில் ஒரு கசப்பு, அக்காவின் உள்ளங்கையிலிருந்து வந்த கசப்பு… அவள் சாகவில்லையே, இதோ இந்த ஏசியின் குளிரில் விரல் விறைக்க உட்கார்ந்திருக்கிறாளே, நாற்காலியும் உடம்பும் நிஜம்தானே, தன் சாவைத் தானே ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்கிற கொடுப்பினை உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. ஏன் இப்படிச் சொன்னாள்? கோபமா? போன வருஷம் வழுக்கி விழுந்து அக்கா காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது ஒரே ஒருதரம்தான் போக முடிந்தது, அதுவும் மாமியார் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து, ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலின் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து உட்காராமல் கிளம்பியது, அதற்கா? என்னைப் பொறுத்தவரை நீ செத்துப்போயிட்ட என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வராமல் யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டாளா? இல்லை வெறுமனே மறைக்கவா, தங்கச்சி இருக்கிறாள் என்றால் எங்கே இருக்கிறாள், யாரைக் கட்டியிருக்கிறாள் என்று கேள்வி நீளும், செத்துப்போனாள் என்றால் அதோடு முடிந்தது, அக்கா அப்படி யோசிக்கக்கூடியவள்தான்… அதைவிட அசிங்கமான யோசனை ஒன்றும் வந்தது, இந்த மாதிரி ஆய்வுக்கு வருகிறவர்கள் சாவைச் சொன்னால்தான் குனிந்து எழுதுகிறார்கள் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டாளோ, மைக்கின் கண் கலங்குவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்று போட்டாளோ… சீ, யாரைப் பற்றி என்ன நினைக்கிறாய்.

காலையில் பேராசிரியை அவசரமாக வந்து எட்டிப் பார்த்து, ‘அந்தக் கொட்டகைப் பதிவ மொதல்ல முடிச்சுக் குடுத்துடுங்கம்மா, அறிக்கையோட மொதப் பக்கமே அதுதான்’ என்று சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. அப்போது அது யாருடைய பதிவு என்று தெரியாது, கொட்டகை என்றதும்கூட ஒன்றும் தோன்றவில்லை, கொட்டகைகளுக்கா பஞ்சம். அடுத்த வாரம் சுகாதாரக் குழு கூடுகிறது, குடியிருப்புக்குள்ளேயே ஒரு மருத்துவ நிலையம் வேண்டும் என்று பேராசிரியை எழுதிக் கேட்டுக் கேட்டு, அங்கே போனால் இங்கே என்று இழுத்தடித்து, இந்தத் தடவைதான் நேரில் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்குத் தெரியும், பேராசிரியையின் கடிதத்தைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிய போன கூட்டத்தின் பதிவையும் அவள்தான் எழுத்தாக்கினாள், இதெல்லாம் மிகைப்படுத்தல் இல்லையா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார், மிகைப்படுத்தல், மிகைப்படுத்தல், அந்தச் சொல்லை அடித்து அடித்து விரல் வலித்தது. ஒரு ஓட்டை கிடைத்தால் போதும் அவர்களுக்கு, செத்ததாகச் சொன்ன பிள்ளை உயிரோடு இருக்கிறது, கல்யாணமாகி ஏசி ரூமில் வேலை பார்க்கிறது என்று தெரிந்தால் மொத்த அறிக்கையையும் சுருட்டி மூலையில் வீசுவார்கள், மற்றவர்கள் சொன்னதும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அப்படியானால் இப்போதே பேராசிரியையிடம் சொல்லியாக வேண்டும். என்னவென்று? அந்தக் குழந்தை சாகவில்லை மேடம். எப்படித் தெரியும்? நான்தான் மேடம் அது… சொல்லாமலும் இருக்கலாம், யார் வந்து தோண்டப் போகிறார்கள், உண்மையில் அந்தக் கொட்டகையில் சாகாத குழந்தைகள் இருந்தால் செத்த குழந்தைகளும் இருந்திருக்கும்தானே, ஒன்றுக்காக இன்னொன்று… இப்படித்தான் நியாயம் பேசிக்கொண்டு போக வேண்டும் போல, போகப்போக இதுவும் பழகிவிடும் போல.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் இடம், யாரும் வரமாட்டார்கள். தகவல் சொன்னவர்களை நேரில் தொடர்புகொள்ளக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், தகவல் சொன்னவள் தலை பின்னிவிட்டவளாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த விதியில் எங்கும் இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது, அக்கா இந்த நேரம் ரயில் நிலையக் கழிப்பறையில் இருப்பாள், எடுக்கமாட்டாள் என்று நினைத்து வைக்கப் போகும்போது எடுத்தாள்.

‘என்னடி இந்த நேரத்துல, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?’

‘புள்ள நல்லாத்தான் இருக்கா.’

‘அப்ப ஒனக்கா?’

‘யாருக்கும் ஒண்ணுமில்லக்கா.’

‘ஒண்ணுமில்லாததுக்கா போன் பண்ற? நீ அப்படிப்பட்ட ஆளு இல்லையே. இரு, இந்த மோட்டார நிறுத்திட்டு வரேன்… ம், சொல்லு.’

‘ஒரு பொண்ணு வந்து ஒங்கிட்டப் பேசிட்டுப் போச்சுல்ல, பதிவு பண்ணிக்கிட்டு.’

‘ஆமா. நல்ல பொண்ணு, நம்ம சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சுது. அது ஒனக்கெப்படித் தெரியும்?’

‘அத எழுதறது நான்தான்.’

அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ‘ஏதோ ஆபீஸ்ல டைப் அடிக்கிறன்னுதான சொன்ன’ என்றாள் அக்கா. இதைத்தான் அடிக்கிறேன் என்றாள் இவள். தெரிஞ்சிருந்தா வாயே தெறந்திருக்கமாட்டேன் என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள், அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை, அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

‘ஏன்க்கா என்னைச் சாகடிச்ச?’

‘என்னது?’

‘குட்டி செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்க. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? எம்மேல கோவம்னா எங்கிட்டச் சொல்லு, திட்டு, வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்லு…’

‘ஏய், நிறுத்து. ஒன்ன யாருடி சொன்னா?’

‘குட்டின்னா நான்தான?’

அக்கா இருமினாள், அந்த இருமல், அந்த அடக்கம், பிறகு குரல் வேறு மாதிரி வந்தது, வயதானவள் குரல். ‘நீ அப்புறந்தான் குட்டி ஆன. ஒனக்குக் கீழ ஒருத்தி இருந்தா.’

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவசரமில்லாமல் சொன்னாள், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது, யார் சேலையைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கும், நீயும் அதைத் தூக்குகிறேன் என்று கீழே போட்டிருக்கிறாய், அது போன பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், நீ கொஞ்ச நாள் எங்கே எங்கே என்று கேட்டாய், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய், அம்மாவுக்கு வாய்ப்பழக்கம் போகவில்லை, குட்டி என்று கூப்பிட்டுவிட்டு ஆள் இல்லாமல் நிற்பாள், நீ போய் என்னம்மா என்பாய், அப்படியே அந்தப் பேர் உனக்கு வந்துவிட்டது… இவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கக் கேட்கக் கொட்டகையின் தகரக் கூரை மேலே போய்க்கொண்டே இருந்தது, அதற்குக் கீழே மூன்று பேர், அவள் அக்காவின் மடியில் இல்லை, மடியில் வேறு யாரோ இருந்ததனால்தானே அவள் எழுந்து போய்ச் சைக்கிள் மணியை அடித்தாள், காய்ச்சலில் துவண்டு மடியில் கிடந்த பிள்ளை எப்படி எழுந்து போய் மணி அடிக்கும், இத்தனை வருஷம் இது உறைக்கவே இல்லையே…

‘நானும் அங்க இருந்தேன்ல?’

‘இருந்த. ஒனக்கும் காய்ச்சல்தான். அவள இடுப்புல வச்சுக்கிட்டு ஒன்னக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். தார் ரோடு சுடுதுன்னு அழுதுக்கிட்டே வந்த.’

‘மருந்து குடிச்சது ஞாபகம் இருக்குக்கா. கசப்பா…’

அதை ஏன் சொன்னாள் என்று இருந்தது. வெளியில் ஏதோ ரயில் வந்து நிற்கிற இரைச்சல், அறிவிப்புக் குரல், அது அடங்கிய பிறகுதான் அக்கா பேசினாள். ‘கையில கொஞ்சந்தான் மிஞ்சுச்சு. அவ வாயில வச்சேன், துப்பிட்டா. மறுபடி வச்சேன், கடைவாயில ஒழுகுது, முழுங்கத் தெரியல அதுக்கு. வீணாப் போகுதேன்னு மிச்சத்த ஒன் வாயில ஊத்திட்டேன். நீ முழுங்கிட்ட.’ பிறகு, ‘ஆளுங்க வராங்க, வைக்கட்டுமா?’ என்றாள். வைக்கவில்லை. ‘அத எழுதிறாத.’

‘எதக்கா?’

‘இப்பச் சொன்னத.’

துண்டித்துவிட்டாள். இவள் உடைந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றின் மேல் ஒன்று கால் நீட்டிக் கிடந்தன, யாரோ படியேறி வந்து இவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள், இவளும் ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் நேரம் முன்னால் பேராசிரியையின் அறைக்குப் போயிருந்தால்? அந்தக் குழந்தை சாகவில்லை, எங்கள் அக்கா தவறாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருப்பாள், பேராசிரியையும் நம்பியிருப்பார், முதல் பக்கத்தை எடுத்திருப்பார், ஒரு தடவை மருந்து கிடைக்காமல் செத்த பிள்ளையை இரண்டாம் தடவை இவளே தன் கையால்… உள்ளங்கையைப் பாவாடையில்… இல்லை, சேலையில் துடைத்துக்கொண்டாள், ஏன் பாவாடை என்று தோன்றியது? அதற்குப் பேர் என்ன என்று அக்காவிடம் கேட்கவில்லை. முகம் யாரைப்போல இருந்தது என்றும் கேட்கவில்லை. தனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று தெரிந்து முழுதாக ஒரு நாழிகை ஆகவில்லை, அதற்குள் அவளுக்காக அழ வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாதுதான், ஆனால் அழுகை வராதது குற்றம்போல இருந்தது, வந்திருந்தாலும் யாருக்கு அழுகிறோம் என்று தெரிந்திருக்காது.

அறைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மைக் எதையோ கேட்க வாயெடுத்து, இவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். பதிவைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி கேட்டாள். தூக்கிக்கிட்டு ஓடினேன். தூக்கிக்கொண்டு மட்டும்தான், இழுத்துக்கொண்டு இல்லை. பாதி ஒழுகிப் போச்சு. மீதிப் பாதி என்ன ஆனது என்று மைக் கேட்கவில்லை, கேட்கத் தோன்றாத மாதிரி அக்கா அடுத்த வரிக்குப் போய்விட்டாள், அவ்வளவு லாவகமாக, கூரையில் கால் வைக்கத் தெரிந்தவள் ஓடு உடையாமல் நடக்கிற மாதிரி. இவள் அடித்துக்கொண்டே போனாள், ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சு, சந்தோசப்பட்டேங்க நானு, ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை, நாய் குரைத்த இடத்தில் (நாய் குரைக்கும் ஒலி), முத்தங்கூட குடுத்தேன். நான் மட்டுந்தான் என்று சொல்வதற்கு முன்னால் அக்கா ஒரு மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது, முதல் தடவை அது கேட்கவில்லை, அதற்கு விதியில் குறி ஏதும் இல்லை. அடைப்புக்குறியைத் திறந்தாள், மூடினாள், அழித்தாள். ‘சாப்டியா?’ என்று அக்கா போனில் கேட்கிற ஒவ்வொரு தடவையும், சாப்பிட்டேன் என்று சொன்ன பிறகும் என்ன சாப்பிட்ட, எவ்வளவு சாப்பிட்ட என்று விடாமல் கேட்பாளே, எரிச்சலாக வருமே, அதெல்லாம் யாரைக் கேட்டது…

பேராசிரியை உள்ளே வந்தார், ஒரு கையில் டீ டம்ளர், காதுக்குப் பின்னால் பென்சில். ‘முடிஞ்சுதாம்மா?’

‘முடியப் போகுது மேடம்.’

‘ஒரு சந்தேகம். அந்தக் குழுவுல கண்டிப்பாக் கேப்பாங்க. பதினோரு வயசுல நடந்தத இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தர் மட்டும் சொல்றாங்க, பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது உண்டான்னு. அம்மாவும் கூட இல்ல. பதிவுல வேற யாரையாவது சொல்றாங்களா, பாருங்க.’

‘சொல்லல மேடம்.’

அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம், பதிவில் இல்லை, பதிவில் இல்லாததற்கு அவள் பொறுப்பில்லை, அத எழுதிறாத என்று அக்காவும் சொல்லியிருக்கிறாள். பேராசிரியை சரி என்று தலையசைத்துவிட்டு, ‘மைக், நீ அவங்களத் திரும்பப் போய்ப் பாத்து இத மட்டும் கேட்டுட்டு வந்துடறியா?’ என்று எதிர் மேசைப் பக்கம் திரும்பினார், மைக் எழுந்து பையை எடுத்தாள், அவள் அப்படித்தான், சொன்ன உடனே கிளம்பிவிடுவாள், மறுபடி அக்காவின் வாசலில் போய் உட்கார்வாள், சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள், அந்த நல்ல குரலில், கூட யாராவது இருந்தாங்களாம்மா என்று கேட்பாள், அக்கா மறுபடி அந்த மூச்சை இழுத்துவிட்டு மறுபடி…

‘போக வேண்டாம்’ என்றாள். ஹெட்போன் காதில் இருந்ததால் தன் குரல் உரக்க வந்ததா மெதுவாக வந்ததா என்று தெரியவில்லை, கழற்றி வைத்தாள். ‘கூட ஒருத்தி இருந்தா மேடம். அவளுக்கும் காய்ச்சல். எல்லாத்தையும் அவ பாத்தா.’

‘ஒங்களுக்கெப்படிம்மா தெரியும்?’

‘பதிவுல பேசறது எங்கக்கா.’

மைக்கின் கையில் பையின் வார் அப்படியே நின்றது. எங்கக்கா என்ற சொல் இந்த அறையில், இந்த நல்ல மேசைகளுக்கு நடுவில், எவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்துவிட்டது, இதைச் சொல்லாமல் இருக்கத்தானே இத்தனை பாடு. இனி மைக் அவளை எப்படிப் பார்ப்பாள், இரக்கப்பட்டுத் தொலைப்பாளா, வீட்டுக்கு எப்போது தெரியும், கணவனின் அந்த நேரம் இதுதானா… பேராசிரியை அடடா என்று சொல்லவில்லை, தோளைத் தொடவில்லை, ஒலிப்பதிவுக் கருவிப் பக்கமும் போகவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார், புதிதாகப் பழகுகிறவர்கள் யாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

‘நீங்க கூடப்பொறந்தவங்க எத்தன பேரும்மா?’

ரெண்டு பேர் என்றுதான் நாக்கு போனது, பழக்கம், பிடித்து நிறுத்தினாள். மூணு என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்தது நீங்கள் எத்தனையாவது என்று கேட்பார், அதற்குப் பதில் இருக்கிறது, நடுவுலவ, இன்று மதியம்வரை கடைசி, இப்போது நடுவுலவ, அதைச் சொல்லிவிடலாம், தயக்கம் அதில் இல்லை… அதற்கும் அடுத்ததாக ஒரு கேள்வி வரும், இவர் கேட்காவிட்டால் அந்தக் குழுவில் இருக்கிறவர் கேட்பார், ரெண்டு பேருக்கும் காய்ச்சல், ரெண்டு பேரும் ஒரே கொட்டகை, உங்களுக்கு மட்டும் எப்படிச் சரியாச்சு என்று, அந்த ஒரு கேள்வியை யாரும் இவளிடம் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு நான் மட்டுந்தான் என்று சொன்னாளோ, இல்லை அதை யாரும் தன்னிடம் கேட்டுவிடக் கூடாது என்றா…